தங்கை உடற்பயிற்சி அறிவியல் படிக்கணும் என்கிறாள். இது என்ன படிப்பு, என்ன வேலை கிடைக்கும்?

#1 ஆத்தூர் அண்ணன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிருக்கா. எட்டாவதுல இருந்து கபடி, ஜில்லா டீம் வரைக்கும் போயிட்டா. போன வருஷம் ஒரு மேட்ச்ல ரைடு போயிட்டுத் திரும்பும்போது, யாரும் கை வைக்காமலே முட்டி மடங்கி விழுந்துட்டா. உள்ளே "டப்"னு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னா. ஸ்கேன் எடுத்தா ஏ.சி.எல். ஜவ்வு கிழிஞ்சிருக்கு. ஆபரேஷன் ஆகி இப்ப ஏழு மாசம்.

பிசியோ போற இடத்துல ஒரு நாள் இவளை முக்காலி மேல ஏத்தி, கீழே குதிக்கச் சொல்லி, போன்ல படம் பிடிச்சிருக்காங்க. அதை மெதுவா ஓட்டிக் காட்டி, "தரையில கால் படும்போது உன் முட்டி உள்பக்கமா போகுது பாரு"ன்னு சொல்லியிருக்காங்க. அன்னையில இருந்து இவளுக்கு வேற நினைப்பே இல்ல. நான் மாடிப்படி ஏறுறது, அம்மா அருவாமனைக்கு முன்னாடி உட்கார்ந்து எந்திரிக்கிறது, எல்லாத்தையும் படம் பிடிச்சு நிறுத்தி நிறுத்திப் பாக்குறா. கினீசியாலஜி, எக்சர்சைஸ் சயின்ஸ்னு ஏதோ சொல்றா, அதுதான் படிக்கணுமாம்.

நர்சிங் சேர்ந்தா உடனே வேலைன்னு அம்மா. பி.டி. வாத்தியார் ஆகறதுக்கு எதுக்கு மூணு வருஷம் சயின்ஸ்னு மாமா. எனக்கு ரெண்டு பக்கமும் பதில் சொல்லத் தெரியல. இது உண்மையில என்ன படிப்பு? முடிச்சா என்ன ஆகலாம்?

#2 ஓட்டப்பாதை

தம்பி, இந்தத் துறையில் பதினோரு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். முதல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்.

கினீசியாலஜி என்பது கிரேக்கத்திலிருந்து வந்த பெயர். கினேசிஸ் என்றால் அசைவு. மனித உடல் எப்படி அசைகிறது, அசையும்போது உள்ளே என்ன நடக்கிறது, தொடர்ந்து அசைந்தால் எப்படி மாறுகிறது என்று படிப்பதுதான் மொத்தத் துறையும். உள்ளே பல அறைகள் உண்டு: உடற்கூறு, உடற்பயிற்சி உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ் (அசைவின் விசையையும் கோணத்தையும் அளப்பது), அசைவுகளை மூளை கற்கும் விதம், விளையாட்டு உளவியல், உணவு. கனடா, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கினீசியாலஜி என்பார்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் அண்ட் எக்சர்சைஸ் சயின்ஸ் என்ற பெயரில் கிடைக்கும்.

உங்கள் தங்கைக்குப் புரிகிற மாதிரி கபடியையே எடுத்துக்கொள்வோம். ஒரு ரைடு 30 விநாடி. நடுக்கோட்டைத் தாண்டிப் பாயும் முதல் சில விநாடிகளுக்கு, தசைக்குள் ஏற்கெனவே இருப்பில் உள்ள ஏ.டி.பி., கிரியேட்டின் பாஸ்பேட் என்ற உடனடிச் சக்திப் பொருள்கள் செலவாகின்றன. முழு வேகத்தில் பத்து விநாடி போனாலே அந்த இருப்பு வற்றத் தொடங்கிவிடும். அடுத்து, தசை தன்னிடம் சேமித்துள்ள சர்க்கரையான கிளைகோஜனை ஆக்சிஜனுக்குக் காத்திருக்காமல் உடைக்கிறது. சக்தி வேகமாக வரும், கூடவே தொடையும் கனக்கும். ரைடு முடிந்து தன் பக்கம் வந்து நின்று மூச்சு வாங்குகிறாளே, அந்த நேரத்தில்தான் மூன்றாவது வழியான ஆக்சிஜன் வழி, செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டைத் திரும்ப நிரப்புகிறது. மூன்று வழிகளும் எப்போதும் சேர்ந்தேதான் ஓடும். பங்குதான் நேரத்துக்கு நேரம் மாறும்.

இது தெரிந்த பயிற்சியாளர், ரைடருக்குத் தினமும் நீண்ட ஓட்டம் மட்டுமே கொடுத்து விட்டுவிட மாட்டார். குறுகிய பாய்ச்சல், நடுவில் அளந்த ஓய்வு, மறுபடி பாய்ச்சல் என்று திட்டம் போடுவார். எதைப் பழக்குகிறோமோ அதற்கேற்பத்தான் உடல் மாறும். பழகியதைவிடச் சற்றுக் கூடுதல் சுமை இல்லாவிட்டால் மாறாது. பயிற்சியை விட்டால் பெற்றதும் கரையும். முதல் பருவத்தின் பாதிப் பாடம் இந்த மூன்று விதிகள்தான்.

இதெல்லாம் நேற்று முளைத்த அறிவியல் இல்லை. இயங்கும் தசையில் வெப்பம் எப்படிப் பிறக்கிறது என்று ஆராய்ந்த ஏ.வி. ஹில்லுக்கு 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஓடும் மனிதன் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறான் என்று அளந்ததில் அவர் முன்னோடி. இன்று வி.ஓ.டூ மேக்ஸ் (உடல் அதிகபட்சமாக எடுக்கக்கூடிய ஆக்சிஜன் அளவு) என்று ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண் அந்த வழியில் வந்ததுதான். ஆய்வகத்தில் முகத்தில் மாஸ்க் மாட்டி, டிரெட்மில்லில் சாய்வை ஏற்றிக்கொண்டே போய், இனி முடியாது என்று கை காட்டும் வரை ஓடவிட்டு நேராக அளப்போம். வாட்ச் செய்வது மதிப்பீடு மட்டுமே.

#3 வைகறை

நடுவுல ஒரு சந்தேகம். ஜிம்முக்குப் போன மறுநாள் படி இறங்க முடியாம வலிக்குதே, அது தசையில லாக்டிக் ஆசிட் சேர்றதாலதானே? எங்க ட்ரெயினர் அப்படித்தான் சொன்னார்.

#4 ஓட்டப்பாதை

இல்லை. நீங்கள் லாக்டிக் ஆசிட் என்று சொல்லும் லாக்டேட், பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து குறைந்துவிடும். இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்ளும். நீங்கள் சொல்லும் வலி மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். பழக்கமில்லாத சுமையில் தசை நீண்டுகொண்டே இழுபடும்போது அதன் இழைகளில் விழும் நுண்ணிய சேதமும், அதைச் சரிசெய்ய உடல் எடுக்கும் முயற்சியும்தான் காரணம். படி ஏறுவதைவிட இறங்குவது அதிகம் வலிப்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்தொடைத் தசை நீண்டுகொண்டே வேலை செய்வது இறங்கும்போதுதான்.

#5 கோணமானி

முக்காலியில் இருந்து குதிக்கிற கதையைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. உங்க தங்கச்சியைப் பிடிச்சது பயோமெக்கானிக்ஸ். மூணு வருஷம் ஓர் ஆய்வகத்துல அதுதான் என் வேலை.

தமிழ் ஆளுக்கு இதை விளக்கணும்னா இலங்கைச் சுழல்பந்து வீச்சாளர் முரளிதரனை விட்டா ஆள் கிடையாது. 1995 டிசம்பர் 26, மெல்போர்ன். அவர் பந்தை எறியிறார்னு நடுவர் டேரல் ஹேர் ஏழு தடவை நோ பால் கொடுத்தார். அதுக்கப்புறம் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்துல பல கேமரா வச்சு அவர் கையைப் படம் பிடிச்சு அளந்தாங்க. பிறவியிலேயே அவர் முழங்கை முழுசா நிமிராது. மடங்கின கை தோளில் இருந்து சுழலும்போது, ஒரே பக்கத்துல நின்னு பாக்குற கண்ணுக்கு அது நிமிர்ற மாதிரித் தோணும். அடுத்த சில வருஷத்துல மற்ற பந்துவீச்சாளர்களையும் அளந்து பார்த்தப்ப, ரொம்பச் சுத்தம்னு பேர் வாங்கினவங்களுக்கும் முழங்கை கொஞ்சம் நீளத்தான் செய்யுதுன்னு தெரிஞ்சுது. அதுவரை சுழல்பந்துக்கு 5 டிகிரி, வேகப்பந்துக்கு 10 டிகிரின்னு இருந்த வரம்பை 2005இல எல்லாருக்கும் 15 டிகிரின்னு ஐ.சி.சி. மாத்துச்சு. ஒரு மனுஷனோட மானத்தையும் ஒரு விளையாட்டோட சட்டத்தையும் கோண அளவு தீர்மானிச்சிருக்கு. எனக்கு இன்னிக்கும் அதை நினைச்சாச் சிலிர்க்குது.

அந்த மாதிரிப் பரிசோதனைக்கு ஐ.சி.சி. அங்கீகாரம் பெற்ற கூடம் நம்ம போரூர் ஸ்ரீராமச்சந்திராவுலயே இருந்துச்சு. 2015 ஏப்ரல்ல பாகிஸ்தானோட முகமது ஹஃபீஸ் வந்து பந்து போட்டுக் காட்டி அனுமதி வாங்கினது அங்கதான்.

வேலை எப்படி இருக்கும்னா: ஆளை நிக்க வச்சு, இடுப்பு, முட்டி, கணுக்கால்ல எலும்பு மேடு எங்க இருக்குன்னு விரலால தடவிக் கண்டுபிடிச்சு, கோலிக்குண்டு அளவு பளபளக்கிற உருண்டைகளை ஒட்டணும். ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒட்டிட்டா கம்ப்யூட்டர் காட்டுற கோணமே மாறிடும். வியர்வையில கழண்டு விழும், மறுபடி முதல்ல இருந்து. தரையில பதிச்ச ஃபோர்ஸ் பிளேட், கால் படும்போது தரை திருப்பித் தள்ளுற விசையைக் காட்டும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு. உங்க தங்கச்சி முட்டி உள்ளே சாயுற அதே நொடியில அந்த விசையும் சேர்ந்து வந்தா, ஜவ்வு தாங்குமா?

ஒண்ணு கேக்கணும். அவங்க குரூப்ல மேத்ஸ் இருக்கா? இந்தப் பக்கம் வந்தா திசையன், முக்கோணவியல், கொஞ்சம் புரோகிராமிங் எல்லாம் வேணும்.

#6 சேலத்து பிசியோ

மேலே எழுதினவங்க ஆசையை நல்லா வளர்த்து விட்டிருக்கீங்க. நான் எல்லைக்கோட்டைச் சொல்லிடறேன், பின்னாடி அந்தப் பொண்ணு ஏமாறக் கூடாது.

உடற்பயிற்சி அறிவியல் பி.எஸ்சி. படிச்சவர் பிசியோதெரபிஸ்ட் கிடையாது. பயிற்சித் திட்டம் போடலாம், உடல்திறன் பரிசோதிக்கலாம், காயம் வராமத் தடுக்க வேலை செய்யலாம். ஆனா வலின்னு வர்றவங்களைப் பார்த்து இன்ன காயம்னு சொல்லிச் சிகிச்சை கொடுக்கிறது வேற தொழில். அதுக்கு பி.பி.டி.ங்கிற பிசியோதெரபி பட்டம் வேணும். நான் படிச்சப்ப இன்டர்ன்ஷிப்போட நாலரை வருஷம். 2021இல வந்த தேசியச் சட்டம் பிசியோதெரபியைத் தனக்குக் கீழே கொண்டுவந்திருக்கு, பாடத்திட்டமும் சேர்க்கை விதியும் மாறிட்டே இருக்கு. அதனால இந்த வருஷ அறிவிப்பை நேரடியாப் படிச்சுட்டு முடிவு பண்ணுங்க, பக்கத்து வீட்டுப் பையன் எப்படிச் சேர்ந்தான்னு கேட்டுப் போகாதீங்க.

அவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அடிபட்டுப் படுத்தவங்களை எழுப்பி நடக்க வைக்கணுமா, நல்லா இருக்கிறவங்களை இன்னும் வேகமா ஓட வைக்கணுமா? முதல் பதில்னா பி.பி.டி. படிச்சுட்டு ஸ்போர்ட்ஸ்ல எம்.பி.டி. பண்ணலாம். ரெண்டாவதுன்னா அவ சொல்ற படிப்பு சரி.

#7 இரும்புக்கூடம்

பிசியோ சார் சொல்றது சரிதான், ஆனா எல்லாரும் பி.பி.டி.க்கே போகணும்ங்கிற மாதிரி ஆயிடக் கூடாது. நான் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச், அதாவது வீரர்களோட பலத்தையும் உடல்திறனையும் வளர்க்கிறவன். ஒரு அகாடமியில தடகளப் பிள்ளைகள் இருபது பேர் என் பொறுப்பு. காலை அஞ்சரைக்கு மைதானம். யார் எத்தனை கிலோ தூக்கினாங்க, எத்தனை தடவை பாய்ஞ்சாங்க, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாங்க, எல்லாம் நோட்டுல இருக்கும். ஒரு பையன் வழக்கமாத் தாண்டுற உயரத்தை ரெண்டு நாளாத் தாண்டலைன்னா, திட்ட மாட்டேன், சுமையைக் குறைப்பேன். அதைத்தான் இந்தப் படிப்பு எனக்குக் கத்துக் கொடுத்துச்சு.

கசப்பையும் சொல்லணும். நான் முதல்ல சேர்ந்தது ஒரு ஜிம்ல. மாசம் 14,000 சம்பளம், கூடவே புரோட்டீன் டப்பா விக்கிற டார்கெட். நெஞ்சு வலி வந்து குணமான ஒருத்தர் வந்தார். டாக்டர் கடிதம் வேணும், மெதுவாத்தான் ஆரம்பிக்கணும்னு நான் சொன்னேன். ஆளைத் துரத்துறியான்னு முதலாளி என்னைத்தான் திட்டினார். நாலாவது மாசம் விட்டுட்டேன். வெறும் பட்டம் மட்டும் வச்சிருந்தா பல இடத்துல இப்படித்தான் தொடங்கும். கூடவே வெளிநாட்டு அமைப்புகள் நடத்துற சான்றிதழ் தேர்வு ஒண்ணு எழுதினா நல்ல அகாடமிகள் கூப்பிடும். கோச் ஆகணும்னா பாட்டியாலாவுல 1961ல இருந்து நடக்கிற தேசிய விளையாட்டு நிறுவனத்தோட டிப்ளமோவுக்கு இன்னிக்கும் தனி மதிப்பு.

#8 சாவகச்சேரியான்

நான் இருக்கிறது கனடாவில, ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில. நாலு வருசம் கினீசியாலஜி படிச்சு, சோதினை எழுதிப் பதிவு எடுத்தனான். ஒன்ராறியோவில இதுக்குத் தனிச் சட்டம் இருக்கு. 2013 ஏப்ரலில இருந்து, ஒன்ராறியோ கினீசியாலஜிஸ்ட் கல்லூரி எண்ட ஒழுங்குமுறை அமைப்பில பதியாமல் ஒருத்தரும் தன்னைக் கினீசியாலஜிஸ்ட் எண்டு சொல்லேலாது. பேர்தான் கல்லூரி, படிப்பிக்கிற இடமில்லை. அங்க படிச்சிட்டு இஞ்ச வந்தால் அப்பிடியே வேலை கிடைக்கும் எண்டு ஒருத்தரும் நினைக்க வேண்டாம், படிப்பை மதிப்பிடுவினம்.

என்ர வேலையில விளையாட்டு வீரர் ஆக்கள் குறைவு. வாகன விபத்தில அடிபட்டுத் திரும்ப வேலைக்குப் போற ஆக்கள், தொழிற்சாலையில பெட்டி தூக்கி முதுகு போன ஆக்கள். அந்த வேலையிடத்துக்கே போய், பெட்டி என்ன உயரத்தில இருக்கு, ஒரு மணித்தியாலத்துக்கு எத்தினை தரம் குனியினம் எண்டு அளந்து மாத்தச் சொல்லுறது. கிழமைக்கு ரெண்டு நாள் இருதய நோயாளர் மறுவாழ்வு வகுப்பு.

அந்த வகுப்பில போர்க் அளவுகோல் எண்டு ஒண்டு பாவிக்கிறனாங்கள். சுவீடன்காரர் குன்னர் போர்க் செய்தது. 6இல இருந்து 20 வரை, எவ்வளவு கஷ்டமாயிருக்கு எண்டு ஆளே சொல்ல வேணும். ஏன் 6இல தொடங்குது எண்டால், பத்தால பெருக்கினால் ஆரோக்கியமான ஆளின்ர இதயத் துடிப்புக்குக் கிட்டவா வரும், 60இல இருந்து 200. சொல்லுறது சுகம். ஆனால் எங்கட ஊர் அம்மா ஒருவர், முகம் வெளிறி, நெத்தியெல்லாம் வியர்த்து நிண்டுகொண்டு, "பரவாயில்லைத் தம்பி, ஏலும்" எண்டுதான் சொன்னவ. கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகாத தலைமுறை. நான் அட்டையை மடிச்சு வைச்சிட்டு, "அம்மா, பேரப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கோ" எண்டு கேட்டன். ரெண்டு சொல்லுக்கு ஒருக்கா மூச்சு வாங்கினவ. உடனே வேகத்தைக் குறைச்சன். இதுவும் பாடத்தில இருக்கிற முறைதான், பேச்சுச் சோதினை எண்டு சொல்லுறது.

இன்னொண்டு. இணையத்தில அப்ளைடு கினீசியாலஜி எண்டு ஒரு சாமான் வரும். கையை நீட்டச் சொல்லி அமத்திப் பார்த்து, உடம்பில என்ன வருத்தம், எந்தச் சாப்பாடு கூடாது எண்டெல்லாம் சொல்லுவினம். அது வேற, அதுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. பேரைப் பார்த்துத் தங்கச்சி காசு கட்டிப்போடாமல் பாருங்கோ.

#9 விசில் சத்தம்

இருபத்திரண்டு வருஷமாக அரசுப் பள்ளியில் பி.டி. வாத்தியாராக இருக்கிறேன். அந்தத் தம்பியின் மாமாவுக்கு ஒரு வார்த்தை.

ஐயா, எங்கள் வேலைக்கும் இந்த அறிவியல்தான் அடிப்படை. சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி க்ரோ பக் 1920இல் தொடங்கினார். நூறு வருஷமாக அங்கே உடற்கூறும் உடலியங்கியலும் பாடமாக இருக்கின்றன. பட்டம் முடித்து இரண்டு வருஷம் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் படித்தால் பள்ளிக்கு வரலாம். ஒரு பிள்ளை ஓடும் விதத்தைப் பார்த்து இவன் தாண்டுவான், இவள் எறிவாள் என்று கண்டுபிடிப்பதும், மே மாத வெயிலில் யாரை எப்போது நிழலில் உட்கார வைக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதும் படிப்புதான். என் பி.டி. பீரியடைக் கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். முன்பெல்லாம் கொடுத்துவிடுவேன், இப்போது கொடுப்பதில்லை. வாரத்தில் அந்த இரண்டு பீரியடுதான் பல பிள்ளைகள் மூச்சு வாங்கும் நேரம்.

உங்கள் தங்கை கபடியில் கிழிந்த முட்டியோடு இதைப் படிக்க வருகிறாள். பள்ளிக்கு வந்தால் எத்தனை முட்டிகளைக் காப்பாற்றுவாள் என்று யோசித்துப் பாருங்கள்.

#10 ஆத்தூர் அண்ணன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி உக்காந்து தங்கச்சியும் நானும் முழுசாப் படிச்சோம். மாமாவுக்கு #9ஐ சத்தமாப் படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் சொல்லல, கேட்டுக்கிட்டார்.

கோணமானி சார், அவ பியூர் சயின்ஸ், மேத்ஸ் இல்ல. சேலத்து பிசியோ சார் கேள்வியைக் கேட்டேன். "அடிபடாமலே பாத்துக்கணும், அதுக்கு எந்தப் படிப்பு?"ன்னு திருப்பிக் கேக்குறா. அம்மாதான் இன்னும் பிடி கொடுக்கல. விளையாட்டை நம்பிச் சோறு கிடைக்குமாங்கிறாங்க. அம்மாவுக்கே ஆறு வருஷமாச் சர்க்கரை.

#11 ஓட்டப்பாதை

அம்மாவுக்குச் சர்க்கரை என்றால் அவரிடம் விளையாட்டைப் பற்றியே பேச வேண்டாம். லண்டன் பஸ் கதையைச் சொல்லுங்கள்.

ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர், கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பவர். ஒரே பஸ், ஒரே நகரம், ஆனால் மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவு. உடலுழைப்பையும் இதய நோயையும் பெரிய அளவில் சேர்த்துப் பார்த்த முதல் ஆய்வுகளில் அது ஒன்று. அதன் பிறகு குவிந்த ஆராய்ச்சிகளின் தொடர்ச்சியாகத்தான் உலக சுகாதார நிறுவனம் இன்று, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் என்கிறது.

சர்க்கரைக்கு வருவோம். சாதாரணமாக ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் தசைக்குள் நுழைய இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரையில் அந்தத் திறப்புச் சரியாக வேலை செய்வதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் உதவி இல்லாமலே இன்னொரு வழியில் அதே கதவு திறக்கிறது. சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பவருக்குச் சர்க்கரை அவ்வளவு ஏறாமல் இருப்பது இதனால்தான். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும், சர்க்கரை இறங்கிப்போகவும் கூடும். யாருக்கு எவ்வளவு, எந்த நேரத்தில், எந்த வேகத்தில் என்று வகுத்துக் கொடுப்பது ஒரு தொழில். சர்க்கரை நோயாளிகள் இத்தனை பேர் இருக்கும் நம் ஊரில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் போதவில்லை என்பது என் ஆதங்கம்.

மேத்ஸ் இல்லாததால் கதவு மூடிவிடாது. பயோமெக்கானிக்ஸில் ஆழமாகப் போக விரும்பினால் பிறகு கற்றுக்கொள்ளலாம், என் மாணவர்கள் பலர் அப்படி வந்தவர்கள்தான். போய்ப் பார்க்க இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று போரூர் ஸ்ரீராமச்சந்திரா, தனியார் என்பதால் கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள். இன்னொன்று மேலக்கோட்டையூரில் 2005 முதல் இயங்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், அரசுடையது. எங்கே போனாலும் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருவிகள் உறை போட்டு மூடிக் கிடக்கின்றனவா, பிள்ளைகள் கை பட்டுத் தேய்ந்திருக்கின்றனவா என்று தங்கையே பார்த்துவிடுவாள்.

#12 ஆத்தூர் அண்ணன்

பஸ் கதையை அம்மாவே ரெண்டு தடவை கேட்டாங்க. எங்க அப்பா டிரைவர்தான், அவருக்கும் ஹார்ட்தான். அதுக்கப்புறம் நர்சிங் பேச்சை எடுக்கல. நேத்து ராத்திரி சாப்பிட்டதும் தங்கச்சி அம்மாவைத் தெருமுனை வரைக்கும் கூட்டிட்டுப் போனா. புதன்கிழமை மேலக்கோட்டையூர், வியாழக்கிழமை போரூர், டிக்கெட் போட்டாச்சு.

அடுத்த மாசம் ஊர்த் திருவிழாவுல கபடி இருக்கு. எட்டு மாசம் ஆயிடுமே, ஒரே ஒரு மேட்ச் ஆடிக்கட்டுமான்னு கேக்குறா. என்ன சொல்ல?

#13 சேலத்து பிசியோ

வேண்டாம். ஒன்பது மாசத்துக்கு முன்னாடி களம் இறங்கினவங்களுக்கு மறுபடி கிழியிற ஆபத்து ரொம்ப அதிகம். ஒன்பது முடிஞ்சாலும் தேதியை மட்டும் பார்த்து இறக்கிடாதீங்க. ஒத்தைக் காலில் தாவச் சொல்லி நாடாவால அளக்கணும். ஆபரேஷன் பண்ணின கால் தாவுற தூரம், நல்ல காலோட தூரத்துல 90 சதவீதமாவது வரணும். தொடை பலத்துக்கும் அதே கணக்குதான். அவளோட பிசியோகிட்ட இதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்க, வீட்டுல நீங்களாச் சோதிச்சுப் பார்க்காதீங்க. திருவிழாவுக்குப் போன் எடுத்துட்டுப் போகட்டும். ரைடு போற பொண்ணுங்க திரும்பும்போது முட்டி எந்தப் பக்கம் சாயுதுன்னு, கேட்டுக்கிட்டு படம் பிடிச்சுட்டு வரட்டும். இங்க போட்டா நானும் கோணமானியும் பார்த்துச் சொல்றோம்.